படைப்புழுவுக்கு பி.டி. அடித்தும் சாகவில்லையா?

இந்தப் புரட்டாசிப் பட்டத்தில் எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் முதல்முறையாக மக்காச்சோளம் போட்ட மூன்று பேர், இலையையும் குருத்தையும் தின்னும் படைப்புழுவுக்கு பி.டி. அடித்துவிட்டு, "மருந்தே சரியில்லை" என்று என்னிடம் வந்தார்கள். காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 2019-ல் நான் செய்த அதே தவறுதான். அதையும், வழக்கமாக நடக்கும் மற்றத் தவறுகளையும் சொல்கிறேன்.

குருத்தில் புழுவின் எச்சத்தைக் கண்ட பிறகு அடிப்பது

பி.டி. என்பது பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா. மேலே பட்டால் புழு சாகாது, இலையோடு சேர்த்துத் தின்றால்தான் சாகும். புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அதன் புரதம் கரைந்து குடல் சுவரை ஓட்டையாக்குகிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும், சாக இரண்டு மூன்று நாளாகும். இதெல்லாம் சின்னப் புழுவுக்கு. வளர்ந்த புழு எளிதில் சாகாது. குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் மாதிரி எச்சத்தால் குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். மருந்து அந்த அடைப்போடு நின்றுவிடும்.

2019-ல் என் ஒன்றரை ஏக்கரில், விதைத்த பதினைந்தாம் நாள் இலையில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டல் தெரிந்தது. பச்சையத்தைச் சுரண்டிவிட்டு மெல்லிய தோலை மட்டும் விட்டிருந்தது. "இன்னும் நாலு நாள் பார்ப்போம்" என்று விட்டேன், ஒரு வாரம் ஓடிவிட்டது. அப்புறம் எச்சத்தைப் பார்த்துப் பதறி இரண்டு தரம் பி.டி. அடித்தேன், பலனில்லை. மூன்றாவதாக ரசாயன மருந்து. மூன்று தரம் ஆள்கூலி கொடுத்தும் பாதி விளைச்சல்தான் வீடு வந்தது. இப்போதும் யாராவது "பார்ப்போம்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

முளைத்ததிலிருந்தே வாரம் இரண்டு முறை காட்டுக்குள் இறங்குங்கள். ஐந்து இடத்தில் பத்துப் பத்துச் செடி பாருங்கள். பஞ்சு மூடினாற்போல் இருக்கும் ஒரு முட்டைக் குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். அங்கேயே நசுக்குங்கள், விட்டால் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். சுரண்டல் பரவலாகத் தெரிந்தால் அன்று மாலையே லிட்டருக்கு 2 கிராம் பி.டி. அடியுங்கள்.

இலைமேல் அடிப்பது

புழு இருப்பது குருத்துக்குள், அதனால் தெளிப்பானின் முனை (நாசில்) குருத்தை நோக்கி இருக்க வேண்டும்.

காலையில் அடிப்பது

வெயிலின் புற ஊதாக் கதிர் பி.டி.யின் வீரியத்தைக் குறைத்துவிடும். சாயங்காலம் அடித்தால், ராத்திரி முழுக்கப் புழு தின்னும்போது மருந்து இலையில் இருக்கும்.

புழுவைக் கொல்லும் பூஞ்சையோடு பூஞ்சைக்கொல்லி கலப்பது

பி.டி. போலவே புழுவுக்கு அடிக்கும் மெட்டாரைசியம், பவேரியா இரண்டும் உயிருள்ள பூஞ்சை வித்துகள். அவை புழுவின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே போகும், அதற்கு ஈரக்காற்று வேண்டும். ஒரே வேலையாக முடியட்டும் என்று கார்பென்டசிம், மேன்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிகளை அதே டேங்கில் கலக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வித்து டேங்கிலேயே சாகிறது. முந்தைய நாள் பூஞ்சைக்கொல்லி அடித்த டேங்கையும் நன்றாகக் கழுவுங்கள்.

தேதி பார்க்காமல் வாங்குவது

பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில்படும் அலமாரியில் கிடந்த பாக்கெட்டும் வேண்டாம்.

அந்த மூவரில் ஒருவருக்குப் பிந்தி விதைத்த இன்னொரு காடு இருக்கிறது. நேற்று கூப்பிட்டார்: "அண்ணே, பன்னிரண்டு நாள் பயிர், இலையில சுரண்டல் தெரியுது." இன்று சாயங்காலம் நானும் போகிறேன்.