யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் மலிவாகக் காணி தேடுவது எப்படி

வீட்டில் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை, மற்றவருக்குக் கிளிநொச்சியில் என்றால் ஏ9 வீதியில் கொடிகாமம் முதல் பரந்தன் வரைதான் பாருங்கள். சாவகச்சேரியில் விலை ஏறிவிட்டது, அதை விடுங்கள். மிருசுவில், எழுதுமட்டுவாள், பளைப் பக்கம் பிரதான வீதியை விட்டு உள்ளே போகப் போக விலை இறங்கும், ஆனால் பஸ்ஸோ ரயிலோ பிடிக்க எவ்வளவு நேரம் என்பதைக் காலையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

இங்கே சிலர் பரப்புக் கணக்கில் விலை சொல்வார்கள், சிலர் ஏக்கரில். 16 பரப்பு ஒரு ஏக்கர், குழம்பாதீர்கள்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். மாரியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணி, புரட்டாதியில் போய் அயல் வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கடல்நீரேரிக்குக் கிட்ட உவர் தட்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணியா என்றும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

அப்புறம் உறுதி, அதாவது காணிப் பத்திரம். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்க முடியாது, தரகர் என்ன சொன்னாலும் சரி. தனியார் காணியில் பங்காளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டப்படி, பங்குக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, மனைவி பெயரில் உள்ள காணிக்குக் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். முற்பணம் கொடுக்கமுன் காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடிப் பார்க்க உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசைப் பிடியுங்கள், அவர் விற்பவரின் ஆளாக இருக்கக்கூடாது.