ஸ்பிட்ஃபயரில் ஓவர்டிரைவ் பொருத்துவது எப்படி (சாலினாய்டைக் கருக்காமல்)

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியவர்களுக்குத் தெரியும். நாலாம் கியர் போட்ட பிறகும் கை தானாக இன்னொரு கியரைத் தேடும், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கான கடைசிப் பல்லிணை) விகிதம் 4.11. நெடுஞ்சாலையில் எஞ்சின் 4000 சுற்றில் கத்திக்கொண்டே வரும். ஓவர்டிரைவ் போட்டால் அதே வேகத்துக்கு 3200 சுற்று போதும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

நான் போட்டது லேகாக் டி நார்மன்வில் டி-டைப், விகிதம் 0.802. கியர் பாக்ஸின் வாலில் உட்காரும் சின்னக் கோள் பல்லிணைத் தொகுதி அது. சாலினாய்டு (கரண்ட் கொடுத்தால் இழுக்கும் மின்காந்தம்) ஒரு லீவர் வழியாக வால்வைத் திறக்கும், எண்ணெய் அழுத்தம் கூம்பு கிளட்சைத் தள்ளும், அவ்வளவுதான். பிந்தைய 1500 மாடலில் வரும் ஜே-டைப்பில் சாலினாய்டு அமைப்பே வேறு. ஜே-டைப் வைத்திருப்பவர்கள் கீழே வரும் லீவர் கதையைத் தாண்டிப் போகலாம்.

வாங்கும்போது

ஓவர்டிரைவை மட்டும் தனியாக வாங்கி உங்கள் பழைய கியர் பாக்ஸில் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் மெயின் ஷாஃப்டே வேறு. கியர் பாக்ஸும் ஓவர்டிரைவும் சேர்ந்த முழுத் தொகுதியாக வாங்குங்கள். கூடவே கேட்டு வாங்க வேண்டியவை: நீளம் குறைந்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்பக்க மவுண்டிங் பிராக்கெட், ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கான ஆங்கிள் டிரைவ், இன்ஹிபிட்டர் சுவிட்ச் (தப்பான கியரில் ஓவர்டிரைவ் விழாமல் தடுப்பது) உள்ள மேல்மூடி. இதில் ஒன்று விட்டுப்போனாலும் வண்டி வாரக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்கும்.

இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிரித்தால் உள்ளே இரண்டு ஸ்பிளைன்கள் (ஷாஃப்ட் நுழையும் பல்வரிசைகள்) ஒன்றுக்கொன்று விலகிவிடும். திரும்ப நேர்ப்படுத்தத் தனியாக ஒரு டம்மி ஷாஃப்ட் வேண்டும்.

கழற்றுவது

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பிட்ஃபயரில் எஞ்சினை இறக்க வேண்டாம், கியர் பாக்ஸ் காருக்குள்ளிருந்தே வெளியே வரும். சீட், கம்பளம், டனல் கவர், ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் என்று வரிசையாகப் போங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்தபின் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. ஆயில் சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்துவிட்டு பெல் ஹவுசிங் போல்ட்டுகளுக்குப் போங்கள். மேல் போல்ட்டுகளுக்கு நீளமான எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாய்ண்ட்டும் உள்ள 3/8 ரேச்சட்தான் சரி. 1/2 அங்குல ரேச்சட்டோடு அங்கே மல்லுக்கட்டினால் விரல் தோல் உரியும்.

புதிய தொகுதியை உள்ளே தூக்குமுன் அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி வடிகட்டியைக் கழுவுங்கள். என்னுடையதில் கருப்பு மை மாதிரி படிந்திருந்தது.

பொருத்தும்போது கிளட்ச் தட்டை அலைன்மெண்ட் கருவியால் நடுவில் நிறுத்துங்கள். துடைப்பக் கட்டையில் டேப் சுற்றிச் செய்பவர்களும் உண்டு. நான் பிளாஸ்டிக் கருவிதான் வாங்கினேன், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு பேர் இருக்க வேண்டும். தொகுதியின் எடை இன்புட் ஷாஃப்டில் ஒரு கணம்கூடத் தொங்கக் கூடாது, தொங்கினால் கிளட்ச் தட்டு வளைந்துவிடும்.

நான் கோட்டைவிட்ட இடம்

எல்லாம் மாட்டி, டனல் கவரைத் திருகி, கம்பளம் விரித்து, இரண்டு நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். மூன்றாம் நாள் காலுக்குப் பக்கத்திலிருந்து வார்னிஷ் கருகும் வாசனை. ஓவர்டிரைவ் செத்துவிட்டது.

டி-டைப் சாலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று முரட்டு ஆள். 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுத்து பிளஞ்சரை (நடுவில் நகரும் இரும்புத் தண்டை) உள்ளே வாரிப் போடும். பிளஞ்சர் கடைசிவரை போய் முட்டியதும் ஒரு காண்டாக்ட் திறந்து அந்தச் சுருள் அணைந்துவிடும். அப்புறம் சுமார் 1 ஆம்பியரில் இரண்டாம் சுருள் பிடித்துக்கொண்டிருக்கும். பிளஞ்சர் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டால்கூட முரட்டுச் சுருள் அணையாது. ஓவர்டிரைவ் என்னவோ வேலை செய்யும். அதனால்தான் ஏமாந்தேன். பிளஞ்சரை லீவரோடு இணைக்கும் நட்டைக் கண் மதிப்பில் இறுக்கியிருந்தேன்.

சரியான முறை இது. லீவரில் ஒரு துளை, அதற்கு நேரே ஓவர்டிரைவின் உடம்பிலும் ஒரு துளை. 3/16 அங்குல டிரில் பிட்டின் வால்பக்கத்தை இரண்டிலும் நுழைத்து லீவரை நிறுத்துங்கள். பிளஞ்சரை விரலால் கடைசிவரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, நட் லீவரின் கவட்டையைத் தொடும் வரை மட்டும் திருகுங்கள். தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. பிட்டை எடுத்துவிட்டு 12 வோல்ட் கொடுத்து கரண்டை அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஃப்யூஸ் அந்த முதல் இழுப்பிலேயே போய்விடும், டி.சி. கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். ஒரு ‘டக்’ சத்தம், உடனே 1 ஆம்பியருக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உடனே நிறுத்தி நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இதையெல்லாம் டனல் கவர் மூடுவதற்கு முன்னால், முடிந்தால் மேஜை மேலேயே, முடித்துவிடுங்கள்.

வயரிங், எண்ணெய்

அந்த முதல் இழுப்பைக் கைச் சுவிட்ச் தாங்காது. ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வையுங்கள், இக்னிஷனிலிருந்து ஃப்யூஸ் வழியாக எடுங்கள். இன்ஹிபிட்டர் சுவிட்ச் ரிலே சுருளின் பாதையில் தொடராக வர வேண்டும். மூன்றாம், நாலாம் கியர்களில் மட்டும் ஓவர்டிரைவ் விழ அனுமதிப்பது அதுதான். அது இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் நொறுங்கும்.

எண்ணெய் ஜி.எல். 4 தரக் கியர் எண்ணெய். கியர் பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய்தான், ஒரே வாய் வழியாக ஊற்றுவது. சில கிலோமீட்டர் ஓடிய பிறகு மட்டத்தை மறுபடி பாருங்கள், இறங்கியிருக்கும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் எதையும் ஊற்றாதீர்கள். கூம்பு கிளட்ச் உராய்வை நம்பித்தான் பிடிக்கிறது.

பிற்சேர்க்கை 1: இரண்டாம் கியரிலும் ஓவர்டிரைவ் விழுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்ஹிபிட்டர் சுவிட்ச் அதிக ஆழமாக இறங்கியிருக்கிறது. அடியில் ஒரு ஃபைபர் வாஷர் சேர்த்தார், சரியாகிவிட்டது.

பிற்சேர்க்கை 2: ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று மூன்று பேர். டயலில் சின்னதாக ஒரு எண் அச்சிட்டிருக்கும். மைல் காட்டும் டயல் என்றால் அது ஒரு மைலுக்குக் கேபிள் சுற்ற வேண்டிய கணக்கு. மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, உள்கம்பியில் காகிதக் கொடி ஒட்டி, வண்டியை 16.09 மீட்டர் தள்ளுங்கள். சுற்றுகளை எண்ணி 100-ஆல் பெருக்கினால் டயல் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கால் சுற்று, அரைச் சுற்றையும் விடாமல் எண்ணுங்கள். நான் முதல் தடவை முழுச் சுற்றுகளை மட்டும் எண்ணி, நல்லாயிருந்த மீட்டரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன்.