முதல் கதையை எழுதி முடிப்பது எப்படி?

"கதை எழுத ஆசை டீச்சர், எங்க தொடங்கிற?" என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை ஒன்றுதான். நாலு பக்கத்தில் ஒரு கதையை எழுதி முடித்துக்கொண்டு வாருங்கள். நன்றாக இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம். மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடியில் தமிழ் படிப்பித்த காலத்திலும், ஓய்வுபெற்று விறாந்தையில் கொப்பி பார்க்கும் இப்போதும், திறமை இல்லாமல் நின்றுபோனவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பாதியில் விட்டுவிட்டு நின்றவர்களே அதிகம்.

எதை எழுதுவது? பலர் முதல் கதையையே கொழும்பிலோ, படத்தில் பார்த்த சென்னையிலோ கொண்டுபோய் வைக்கிறார்கள். வேண்டாம். உங்கள் வளவுக்குள் இருந்தே தொடங்குங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலில் வெள்ளாமைக் காவலுக்குப் போன அப்பப்பா இருக்கிறார், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு ஊர் திரும்பும் சனம் இருக்கிறது, அறுவடைக் கடனுக்கு அடகு வைத்த தோடு இருக்கிறது. இவற்றை எழுத உங்களை விட்டால் வேறு ஆர்?

அடுத்தது, பொதுவாகச் சொல்லாமல் காட்டுவது. இதில்தான் நான் நிறைய நேரம் செலவழிப்பேன். வாவிக்கரைப் பிள்ளை ஒருத்தி, "வறுமை அந்தக் குடும்பத்தை வாட்டி வதைத்தது" என்று எழுதியிருந்தாள். அதன் அடியில் கோடு போட்டு, "மகள், அப்பா கடைசியா வாவியில இருந்து என்ன கொண்டு வந்தவர்?" என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னாள்: இறால். பெரியதை அம்மா விற்க எடுத்து வைத்தாவாம், சின்னதை முருங்கையிலையோடு சுண்டினாவாம். அதை அப்படியே எழுது என்றேன். மறுநாள் கொண்டு வந்தது இது:

"அம்மா பெரிய இறாலை எண்ணி எண்ணிப் பெட்டிக்குள்ள போட்டா. தம்பி ஒண்டைத் தொட்டான். 'வை மனே, அது யாவாரத்துக்கு' எண்டா."

மூன்று வரிதான். வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். உங்கள் கதையிலும் வாடுதல், வதைத்தல், கண்ணீர் வடித்தல் வருகிற இடமெல்லாம் கோடு போடுங்கள். அந்த நேரம் ஆள் என்ன செய்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்டு, அதை எழுதுங்கள்.

பேச்சை ஊர்ப் பேச்சாகவே விடுங்கள். 'மறுகா' என்று சொல்லும் ஆச்சியை 'பின்னர்' என்று பேச வைக்காதீர்கள். காத்தான்குடி முஸ்லிம் வீடென்றால் உம்மாவும் வாப்பாவும் ராத்தாவும்தான் பேச வேண்டும்.

எழுதியதை ஒரு கிழமை தொடாமல் வைத்துவிட்டு, பிறகு ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நாக்கு தடக்குகிற வசனத்தைத் திருத்த வேண்டும். கேட்பவர் முகம் திரும்புகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் பந்தியை வெட்டினாலே கதை சீராகும்.

வாசிப்புக்குக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. போனிலேயே இலவசமாக வாசிக்கலாம். வாரம் ஒரு சிறுகதை போதும், ஆனால் இரண்டு தரம் வாசியுங்கள். இரண்டாம் தரம், கதையை எங்கே தொடங்கினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பாருங்கள்.

அனுப்பும்போது யூனிகோடில் ரைப் செய்யுங்கள். ரைப் செய்து தரும் கொமினிகேஷன் கடையில் கொடுத்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தரக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீரகேசரி, தினகரன் வாரமஞ்சரி போன்ற ஞாயிறு இதழ்களுக்கும், ஞானம், ஜீவநதி, நம் மட்டக்களப்பின் மகுடம் போன்ற சஞ்சிகைகளுக்கும் முயலலாம். முகவரியைக் கடைசியாக வந்த இதழில் பார்த்து எடுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது. பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து இலக்கியப் போட்டிகள் எப்போது என்று கேட்டு வையுங்கள். அறிவித்தல் பலகையை நம்பியிருந்தால் திகதி போய்விடும்.

புத்தகத்துக்கு அவசரப்படாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லுவேன். கடன்பட்டு அச்சடித்து, வெளியீட்டு விழாவும் வைத்து, மிச்சப் பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கிய வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து ஆண்டுக்கணக்காக உழைத்த யாழ்நூலை அரங்கேற்றியது 1947இல். பத்துப் பன்னிரண்டு கதை இதழ்களில் வரட்டும். அதற்குப் பிறகு தேசிய நூலகத்தில் புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண் எடுப்பதைப் பற்றிப் பேசுவோம்.

கதையை அனுப்பிய அன்றே அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். பதில் வர மாதங்களாகலாம், வராமலும் போகலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு, மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்டு, வேறு இதழுக்கு அனுப்புங்கள்.