ஈரப்பதமானிகளின் அளவுத்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்றைய வானிலை நிலையங்களில் பரவலாகப் பயன்படும் ஈரப்பத உணரி, மெல்லிய பாலிமர் படலம் கொண்ட ஒரு மின்தேக்கி. அந்தப் படலம் தன் சொந்த வெப்பநிலைக்கு ஏற்ப நீராவியை உறிஞ்சியும் வெளிவிட்டும் சமநிலை அடைவதால், அது காட்டும் சார்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் உள்ளது என்பது) காற்றின் வெப்பநிலைக்கு உரியதன்று, படலத்தின் வெப்பநிலைக்கே உரியது. அளவுத்திருத்தத்தில், அதாவது கருவி காட்டும் எண்ணை நம்பகமான அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதில், நேரும் பிழைகளில் பல இதை மறப்பதால்தான் வருகின்றன.

தெவிட்டிய நீராவியின், அதாவது காற்று கொள்ளக்கூடிய உச்ச அளவு நீராவியின், அழுத்தம் 25 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 31.7 ஹெக்டோபாஸ்கல், 26 டிகிரியில் 33.6. ஆகவே சுற்றியுள்ள காற்றைவிட உணரி ஒரு டிகிரி சூடாக இருந்தாலே, 75 சதவீத ஈரப்பதம் சுமார் 71 என்று பதிவாகும். உணரியைக் கையில் பிடித்திருந்த சூடும், சன்னல் வழியே விழும் வெயிலும் இதற்குப் போதும். பழுதே இல்லாத கருவியில் நான்கு சதவீதத்தைக் கூட்டிவிட்டால், பிழை அன்றுதான் தொடங்குகிறது.

தெவிட்டிய உப்புக்கரைசல் மலிவான, நம்பகமான ஒப்பீட்டு முறை. மூடிய கலத்தில் 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 11.3, மெக்னீசியம் குளோரைடு 32.8, சாதாரண உப்பு 75.3, பொட்டாசியம் சல்பேட் 97.3 சதவீத ஈரப்பதத்தைத் தரும். கரையாத உப்பு அடியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; தெளிந்த கரைசல் தெவிட்டியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தெவிட்டாத கரைசலோ கூடுதலான ஈரப்பதத்தையே காட்டும். மூடியைத் திறந்து உணரியை நுழைத்தவுடன் அளவைக் குறிப்பது இன்னொரு தவறு. கலமும் கரைசலும் உணரியும் ஒரே வெப்பநிலைக்கு வந்து, எண் அசையாமல் நிற்கும்வரை, தேவையானால் மணிக்கணக்கிலும், காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளியில் சரிபார்த்து முடித்துக்கொள்வதும் பரவலாக உள்ள வழக்கம். 75இல் சரியாகக் காட்டும் உணரி 33இலும் 97இலும் விலகக்கூடும். ஈரம் ஏறும்போதும் இறங்கும்போதும் உணரி ஒரே எண்ணைக் காட்டாது என்பதால், இரு திசையிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

குமிழில் ஈரத் திரித்துணி சுற்றி, நீர் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியைக் கொண்டு ஈரப்பதத்தைக் கணக்கிட உதவும் ஈரக்குமிழ் வெப்பமானியைப் பிழையற்ற சான்றாகக் கொள்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திரித்துணியில் அழுக்கோ உப்போ படிந்தாலும், காற்றோட்டம் குறைந்தாலும், ஈரக்குமிழ் போதுமான அளவு குளிராது. விளைவாக ஈரப்பதம் உண்மையைவிடக் கூடுதலாகக் கணக்கிடப்படும். வெயிலில் சூடேறிய மின்தேக்கி உணரியோ குறைத்துக் காட்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகி நிற்கும்போது, பழையது என்பதற்காகவே ஈரக்குமிழின் பக்கம் தீர்ப்பளித்து உணரியைத் திருத்துகிறோம். வாலைவடிநீரும் புதுத் திரியும் நொடிக்குச் சில மீட்டர் வேகக் காற்றும் இல்லாத ஈரக்குமிழை வைத்து எதையும் திருத்தக் கூடாது.

ஒரு கண்ணாடியைக் குளிர்வித்து, அதில் பனி படியும் வெப்பநிலையை அளக்கும் குளிர்கண்ணாடிப் பனிநிலைமானி இவற்றைவிடத் துல்லியமானது. ஆனால் சுழியத்துக்குக் கீழே கண்ணாடியில் படிந்திருப்பது உறைகுளிர் நீரா (உறைநிலைக்குக் கீழும் உறையாத நீர்) பனிக்கட்டியா என்று பார்க்காமல் எண்ணை எடுத்துக்கொண்டால், மைனஸ் 10 டிகிரிக்கு அருகில் நீராவி அழுத்தத்தில் பத்து சதவீதம் வரை தவறு நேரும்.

பலூனில் வானில் ஏறி, அளவுகளை வானொலி வழியே அனுப்பும் ரேடியோசோண்டுகளின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 1992–93இல் மேற்குப் பசிபிக்கில் டோகா கோர் ஆய்வுத் திட்டத்தின்போது பறக்கவிடப்பட்ட வைசாலா நிறுவனத்தின் ஆர்எஸ்80 வகை ரேடியோசோண்டுகள் காற்றை உண்மையைவிட வறண்டதாகக் காட்டின. கருவியைப் பொதிந்திருந்த உறைப்பொருளிலிருந்து வெளியேறிய ஆவி பாலிமர் படலத்தில் படிந்திருந்ததே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. பிற்கால ஆர்எஸ்92இல் பகல் நேரத்தில் வெயில் உணரியைச் சூடாக்கியதால், குறிப்பாக உயரமான அடுக்குகளில், மறுபடியும் வறட்சிப் பிழை நேர்ந்தது. தரையில் ஒரு டிகிரியைப் பற்றிச் சொன்ன அதே கணக்குத்தான். கருவி மாறிய தேதியைக் கவனிக்காமல் நெடுங்காலத் தரவைப் படிப்பவர், கருவியின் மாற்றத்தையே காலநிலையின் மாற்றமாக எண்ணிவிடக்கூடும்.

திருத்துவதற்கு முன் கருவி காட்டிய எண்ணையும் அதன் உற்பத்தித் தேதியையும் எழுதி வைக்காமலேயே திருத்திவிடுவது கடைசியாக ஒரு தவறு, ஆனால் சிறியதன்று. ஆர்எஸ்80 கருவியின் வயது கூடக் கூட படலத்தில் படிந்த மாசின் பிழையும் கூடியது. பழைய அளவுகளை அதனால்தான் வயதைக் கணக்கில் கொண்டு சீர்செய்ய வேண்டியிருந்தது. உற்பத்தித் தேதி எங்கும் எழுதப்படாத உணரியின் அளவுகளை அப்படிச் சீர்செய்ய வழியே இல்லை.