1929ல வந்த டாக்கி படத்த நம்ம பெரியவங்களோட உட்கார்ந்து பாக்கறது எப்படி

'த ப்ராட்வே மெலடி'ங்கிற அமெரிக்கப் படத்த வீட்டுல தாத்தா ஆயாவுக்கும் பிள்ளைங்களுக்கும் சேர்த்துப் போட்டுக் காட்டணும்னு நெனைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கற சாட்ஸ்வொர்த்ல எங்க சனிக்கிழமை தமிழ் வகுப்புல மொதல் தடவ போட்டப்ப பாதியிலயே எல்லாரும் எழுந்து போயிட்டாங்க, ரெண்டாவது தடவ கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க, நடுவுல நாங்க மாத்தினதத்தான் சொல்லப் போறேன்.

கதைய முன்னாடியே சொல்லிடுங்க. ஹாங்க், குவீனினு அக்கா தங்கச்சி, ஊர் ஊரா மேடையில ஆடிப் பாடிட்டு இருந்தவங்க, நியூயார்க்குல பெரிய ஷோவுல சேரலாம்னு வர்றாங்க, அங்க அக்காவக் கட்டிக்கப் போற எடிக்கு தங்கச்சி மேல மனசு போயிடுது. அவ்வளவுதான். இது தெரிஞ்சிட்டா இங்கிலீஷ் புரியாத ஆயா கூட மூஞ்சியப் பாத்தே தொடர்ந்து வந்துடுவாங்க.

அடுத்தது, கூத்துல நடுநடுவுல கதைய எடுத்துச் சொல்ற கட்டியங்காரன் மாதிரி ஒருத்தர் இருக்கணும். இங்க சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்ற நம்ம தெருக்கூத்தப் பாத்து வளர்ந்த பெரியவங்களுக்கு இத விளக்கவே வேணாம். ரிமோட்ட கையில வச்சுக்கிட்டு சீனுக்கு நடுவுல நிறுத்தி ரெண்டு வரி தமிழ்ல சொன்னாப் போதும். ஊமைப்படத்துல வர்ற மாதிரி எழுத்து அட்டைங்க இதுலயும் அங்கங்க வரும், அதையும் சத்தமா படிச்சு சொல்லிடுங்க.

டிவில படத்த இழுத்து அகலமாக்காதீங்க, ஜூமும் வேணாம். அந்தக் காலத்து ஃப்ரேம் கிட்டத்தட்ட சதுரம், ஜூம் பண்ணினா ஆடுறவங்க பாதமே வெட்டுப்பட்டுடும், அப்புறம் டான்ஸ்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஸ்பீக்கர் ஒண்ணு போதும், அத ஸ்க்ரீனுக்கு நேர் கீழ வைங்க, சரவுண்ட ஆஃப் பண்ணி பாஸ (அடிச் சத்தத்த) கொறைங்க, உறுமல் அடங்கி பேச்சு தெளிவா வரும்.

தமிழ் சப்டைட்டில் நீங்களே போடறதா இருந்தா ஃபைல யூடிஎஃப்-8ல சேவ் பண்ணுங்க, இல்லாட்டி கட்டம் கட்டமாத்தான் தெரியும், எங்களுக்கு மொதல் தடவ அதான் ஆச்சு. பேச்சுத் தமிழ்லயே எழுதுங்க, ஒரு நேரத்துல ரெண்டு வரிக்கு மேல போகாதீங்க. பாட்ட வரிக்கு வரி மொழிபெயர்க்க வேணாம், எதப் பத்தின பாட்டுன்னு ஒரு வரி போட்டாப் போதும். அமெரிக்காவுல 2025 ஜனவரியிலேர்ந்து இந்தப் படத்துக்கு காப்பிரைட் இல்ல, ஆனா இங்க டிக்கெட் போட்டுக் காட்டறதா இருந்தா தனியா விசாரிச்சுக்கோங்க.

காமிரா ஏன் ஒரே எடத்துல நிக்குதுன்னு பிள்ளைங்க கண்டிப்பா கேப்பாங்க. காமிரா ஓடுற சத்தம் மைக்குல விழக்கூடாதுன்னு அப்பல்லாம் அத ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருந்தாங்கன்னு சொல்லுங்க. திக்கிப் பேசுற மாமா ஒருத்தர் வருவார், அத வச்சுத்தான் சிரிப்பு மூட்டுவாங்க, இன்னொருத்தர் திக்கறதப் பாத்து சிரிக்கிறது சரியில்லன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

'வெடிங் ஆஃப் த பெயின்டட் டால்' பாட்டுல மட்டும் நல்லா நின்னு பேசுங்க. மொதல்ல எடுத்தது பிடிக்காம மறுபடி எடுக்கச் சொன்னப்ப, சவுண்ட் பாத்துக்கிட்ட டக்ளஸ் ஷியரர், பாட்டுதான் நல்லா ரெக்கார்ட் ஆகியிருக்கே, அதையே ஓட விட்டு ஆட்டத்த மட்டும் திரும்ப எடுக்கலாம்னு யோசனை சொன்னாரு. நம்ம சினிமாவுல பாட்டு ஓட ஓட வாயசைச்சு ஆடுறாங்களே, அதே வழிதான்! இத சொன்னதும் எங்க தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துட்டாரு. தமிழ்ல மொதல் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931ல, அதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி நடந்தது இது. இந்தப் பாட்ட கலர்லதான் எடுத்தாங்க, இன்னைக்கு மிஞ்சியிருக்கறது கருப்பு வெள்ளை மட்டுந்தான், அதையும் சொல்லுங்க.

ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மிதான், ஆனா நாம நிறுத்தி நிறுத்திப் பேசறதால லோட்ஷெடிங் (கரண்ட் கட்) இருந்தா அந்த நேரத்தப் பாத்துட்டு ஆரம்பிங்க.

கடைசிப் பக்கம் மேக்கப் ரூம்ல ஹாங்க் தனியா உட்கார்ந்து மூஞ்சியில கோல்ட் கிரீமப் பூசிப் பூசி சிரிச்சுக்கிட்டே அழுவா, அழுதுக்கிட்டே சிரிப்பா. ஹாங்கா நடிச்ச பெஸ்ஸி லவ் இந்தப் படத்துக்காக ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனவங்க. அங்க கட்டியங்காரன் வாயத் திறக்கக் கூடாது. அதுக்கப்புறமும் கொஞ்சம் படம் இருக்கு, அவசரப்பட்டு லைட்டப் போட்டுடாதீங்க.