முதல் தலைமுறை 4கே டிவியை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

2012, 2013-இல் வந்த 4கே டிவி மலிவாகக் கிடைத்தால், படத்தைப் பார்த்து மயங்காமல் மாடல் எண்ணை வைத்து மேனுவலைத் தேடுங்கள். எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் வரும் கேபிள் இணைப்பு) 1.4 பதிப்பு என்று இருந்தால் 3840×2160 படம் நொடிக்கு 30 ஃபிரேம்தான். கணினியை இணைத்தால் மவுஸ் அம்புக்குறியே திக்கித் திக்கி நகரும். சில மாடல்களில் அப்டேட் போட்டால் 60 வரும், ஆனால் நிற விவரம் குறையும்.

பெரிய சிக்கல் எச்டிசிபி 2.2, அதாவது படங்களைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டு முறை. அது சிப்பிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் புது ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினாலும் ஓடிடி படங்கள் 1080-க்கு, அதாவது ஃபுல் எச்டி தரத்துக்கு இறங்கிவிடும். 2014 செட்டுகள் சிலவற்றில் ஒரே போர்ட்டில்தான் அது உண்டு. எந்தப் போர்ட் என்று பாருங்கள். எச்டிஆரை (வெளிச்சமும் இருளும் கூடுதல் நுணுக்கமாகத் தெரியும் வசதி) எதிர்பார்க்கவே வேண்டாம்.

55 இஞ்ச் டிவியை 7 அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நல்ல ஃபுல் எச்டியே போதும்.