புது வீட்டு வாசனை ஆகாதவர்களுக்கு

புது வீட்டு வாசனை என்று பலர் ரசிப்பது, சிலருக்குத் தலைவலியும் கண்ணெரிச்சலும். தரையைப் பற்றிக் கவலை வேண்டாம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கிரானைட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, கல்லுக்கு நெடி கிடையாது. (மேலே பூசும் சீலர் வேறு கதை.)

சிக்கல் அலமாரியில்தான். பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகைகளில் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசை மாதக்கணக்கில் ஆவியை விடும். சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். கடையில் இந்த ஆவியைக் குறைவாக விடும் இ-0 அல்லது இ-1 தரம் கேளுங்கள். அறுத்த ஓரங்களையும் லேமினேட் ஒட்டி மூடச் சொல்லுங்கள். ஆசாரிகள் பெரும்பாலும் உட்பக்கத்தை விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் இரும்பு பீரோவே மேல். சுவருக்குச் சுண்ணாம்பு போதும்.

வாங்குமுன் ஒரு துண்டுப் பலகையைக் கண்ணாடி ஜாடியில் மூடி, ஒரு நாள் வெயிலில் வையுங்கள். திறந்து முகர்வது ஒவ்வாமை இல்லாத ஒருவராக இருக்கட்டும்.